சீட் சின்னதா, நான் பெருசா?

போன செமஸ்டர்ல எங்க டீம் ஒரு ஹேக்கத்தான் ஃபைனலுக்காக டெல்லி போனது உங்கள்ல சில பேருக்காவது தெரிஞ்சிருக்கும். ஜெயிக்கல. அது வேற கதை, அந்தப் புண் இன்னும் ஆறல. நான் சொல்ல வந்தது போன ஃப்ளைட்டைப் பத்தி.

என் எடை 118 கிலோ. இதுல மறைக்க ஒண்ணுமில்லை, காலேஜ்ல என்னைப் பார்த்த எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம்தான். டிக்கெட் போட்டது டிபார்ட்மென்ட். இருப்பதிலேயே குறைந்த கட்டணம், சீட் தேர்வு செய்ய தனியாகக் காசு கட்டாத டிக்கெட். அந்த மாதிரி டிக்கெட்டுக்கு என்ன சீட் விழும்? நடு சீட். 22பி. உட்கார்ந்தேன். பெல்ட்டை இழுத்தேன், மூச்சையும் உள்ளே இழுத்தேன், அப்படியும் நாலு விரல் இடைவெளி மிச்சம் இருந்தது. கேபின் க்ரூ அக்காவைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னேன். அவரும் நல்லபடியாகத்தான் பேசினார். ஆனால் எக்ஸ்டென்ஷன் பெல்ட் விமானத்தின் முன்பக்கத்தில் இருந்ததால், நின்ற இடத்திலிருந்தே "22பி-க்கு ஒரு எக்ஸ்டென்ஷன்!" என்று குரல் கொடுத்தார். ஒரு இருபது தலை திரும்பிச்சு.

ஜன்னல் சீட்ல இருந்த அண்ணன் முழங்கையை இழுத்துக்கிட்டு ஜன்னலோடு ஒட்டிக்கிட்டார். இந்தப் பக்கம் இருந்த அங்கிள், "வேற சீட் ஏதாவது காலியா இருக்காம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனா ஃப்ளைட் ஃபுல். இரண்டே முக்கால் மணி நேரம் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது தோள்பட்டை மரத்துப் போயிருந்தது. அந்த அங்கிளும் பாதி உடம்பை நடைபாதையில் வைத்துக்கொண்டுதான் வந்தார். ட்ராலி போகும்போதெல்லாம் இடி வாங்கினார்.

அவர் காசு கொடுத்து வாங்கின இடம் அவருக்கு முழுசா கிடைக்கல. எனக்கும் கிடைக்கல. நான் தப்பு எதுவும் பண்ணல, அவரும் பண்ணல. ஆனால் ரெண்டு பேரும் வழி முழுக்க ஒருத்தருக்கொருத்தர் "சாரி" சொல்லிக்கிட்டே வந்தோம். சாரி சொல்ல வேண்டிய ஆள் அந்த ஃப்ளைட்லயே இல்லையோன்னு எனக்கு அப்போதான் தோணிச்சு. ஹாஸ்டல் திரும்பினதும் இதைப் பத்தித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். இந்தக் கட்டுரை அதனால வந்தது.

முதல்ல ஒரு விஷயத்தை முடிச்சுடுவோம். "உடம்பைக் குறைடா, எல்லாம் சரியாயிடும்." படிக்கும்போதே உங்க மனசுல இது ஓடியிருக்கும். ஓடினதில் தப்பில்லை, எங்க அம்மா தினமும் போன்ல சொல்றதும் அதேதான். முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனால் ஃப்ளைட் நாளைக்கு. உடம்பு குறைய மாசக்கணக்கா ஆகும். ஒருத்தருக்குத் தைராய்டு, ஒருத்தருக்கு ஸ்டீராய்டு மாத்திரை, ஒருத்தருக்குப் பரம்பரை, ஒருத்தருக்கு நைட் கேன்டீன் பரோட்டா. காரணம் ஆளுக்கு ஆள் மாறும். டிக்கெட் விற்கிறவருக்கு அது தேவையில்லாத விஷயம்.

இந்தப் பிரச்சினையில் விதிகளை எழுத்தில் வைத்து, அதுக்காகச் சண்டை போட்டு, கோர்ட் வரைக்கும் போன கதைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறைய இருக்கு. அதனால கொஞ்ச நேரம் அங்கே போய்ப் பார்ப்போம். நம்மள்ல பாதிப் பேர் எம்.எஸ்., ஆன்சைட்னு எப்படியும் அந்த ஃப்ளைட்ல ஏறப் போறவங்கதானே.

2009 ஏப்ரலில் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஒரு விதி கொண்டு வந்தது. பக்கத்து சீட்காரர் தன் இடத்துக்குள் வழிந்து உட்கார்ந்தார் என்று அதற்கு முந்தைய வருஷம் மட்டும் 700 புகார்கள் வந்தன, அதனால்தான் என்று காரணம் சொன்னார்கள். விதி சுலபம்: சீட்டின் இரண்டு கைப்பிடியும் கீழே இறங்கணும், பெல்ட் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷனோட மாட்டணும், பக்கத்து சீட்டை ஆக்கிரமிக்கக் கூடாது. முடியலைன்னா, வேற காலி இடமும் இல்லைன்னா, இன்னொரு சீட்டுக்குக் காசு கட்டணும், அல்லது அந்த ஃப்ளைட்டை விட்டுடணும். அமெரிக்கச் சட்டமும் விமான நிறுவனங்கள் பக்கம்தான். மாற்றுத்திறனாளிப் பயணிகளுக்கான விதிகளிலேயே, ஒரு டிக்கெட்டுக்கு ஒரு சீட்டுக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை என்று தெளிவா எழுதி வெச்சிருக்காங்க.

இந்த விதி நடைமுறைல எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க, கெவின் ஸ்மித் கதையைக் கேளுங்க. 'க்ளெர்க்ஸ்' படம் எடுத்த டைரக்டர். 2010 பிப்ரவரி 13 அன்று சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸில் ஓக்லண்டில் இருந்து பர்பேங்க் போக வேண்டும். மனுஷன் விவரம் தெரிஞ்சவர், தனக்கு ரெண்டு சீட் வாங்கித்தான் வெச்சிருந்தார். ஏர்போர்ட்டுக்குச் சீக்கிரம் வந்துட்டதால முந்தைய ஃப்ளைட்டுக்கு மாறினார். அதுல இருந்தது ஒரே ஒரு சீட். ஏறி, பையை மேலே வைத்து, உட்கார்ந்தும் விட்டார். கைப்பிடி ரெண்டும் இறங்குது, பெல்ட்டும் மாட்டுது என்பது அவர் தரப்பு. அப்படியும் வந்து இறங்கச் சொன்னார்கள். எல்லார் முன்னாடியும் எழுந்து, பையை எடுத்துக்கிட்டு, நடந்து வெளியே போனார். அப்புறம் ட்விட்டர்ல வெச்சு செஞ்சார். 10 லட்சத்துக்கும் மேல ஃபாலோயர்ஸ் இருக்கிற ஆள். நிறுவனம் மன்னிப்பு கேட்டது, 100 டாலர் வவுச்சரும் கொடுத்தது.

யோசிச்சுப் பாருங்க. அவருக்கு 10 லட்சம் பேர் இருந்தாங்க, மன்னிப்பு கிடைச்சது. ஃபாலோயர்ஸ் 212 பேர் மட்டும் இருக்கிற என்னை மாதிரி ஒருத்தன் அதே மாதிரி இறக்கிவிடப்பட்டா?

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, பல வருஷமா இந்த விஷயத்துல மத்த அமெரிக்க நிறுவனங்களை விட நல்ல பேர் வாங்கினதும் இதே சவுத்வெஸ்ட்தான். ரெண்டாவது சீட் முன்கூட்டியே வாங்கினா, பயணம் முடிஞ்சதும் அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. வாங்காம வந்தாலும் கேட்ல நிக்கிறவர்கிட்ட சொன்னா, இடமிருந்தா இலவசமாவே பக்கத்து சீட்டை ஒதுக்குவாங்க. பெரிய உடம்புக்காரங்க அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த விமானத்தைத் தேடிப் போனாங்க. 2024-ல் எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் அதில் பெரிய பங்கு வாங்கி, லாபத்தைக் கூட்டுன்னு நெருக்க ஆரம்பிச்சது. 2025-ல் இலவசப் பெட்டி போச்சு. இஷ்டத்துக்கு உட்காரும் முறையை விட்டுட்டு, 2026 ஜனவரி 27 முதல் எல்லாருக்கும் சீட் நம்பர் என்று அறிவித்தார்கள். அதோட இந்தச் சலுகையும் சுருங்கிச்சு. இனி ரெண்டாவது சீட்டை முன்கூட்டியே வாங்கியே ஆகணும். காசு திரும்ப வேணும்னா, அந்த விமானம் கிளம்பும்போது குறைந்தது ஒரு சீட்டாவது காலியாக இருந்திருக்கணும், ரெண்டு சீட்டும் ஒரே வகைக் கட்டணத்துல வாங்கினதா இருக்கணும், 90 நாளுக்குள்ள கேட்கணும். முன்னாடியே வாங்காம ஏர்போர்ட் வந்துட்டா, அங்கே என்ன விலையோ அதைக் கொடுக்கணும். இடமில்லைன்னா அடுத்த ஃப்ளைட்.

விமானத்துல காலி இடம் இருந்ததா இல்லையான்னு முன்னாடியே எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அப்போ ஒவ்வொரு டிக்கெட்டும் எனக்கு மட்டும் லாட்டரி.

சரி, விதின்னு ஒண்ணு இருந்தா அது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும் இல்லையா? இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கடுப்பாகும். கைப்பிடிதான் எல்லைக்கோடு என்று இந்த நிறுவனங்கள் சொல்கின்றன. கைப்பிடி அளக்கிறது எதை? இடுப்பை. ஆனா மனுஷனுக்கு, அதுவும் ஆம்பளைங்களுக்கு, உடம்புலயே அகலமான இடம் தோள். நம்ம காலேஜ் ஜிம்ல தினமும் நிக்கிற சீனியர் ஒருத்தரை நினைச்சுக்கோங்க (பேர் சொல்லல, எல்லாருக்கும் தெரியும்). அவர் தோள் எப்படியும் 20 அங்குலம் இருக்கும். 17 அங்குல சீட்ல உட்கார்ந்தா ரெண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் வெளியே. பக்கத்துல இருக்கிறவங்களுக்கு என்னால வர்ற அதே இடைஞ்சல்தான் அவராலயும் வரும். ஆனா அவருக்குக் கைப்பிடி அழகா இறங்கும், பெல்ட்டும் மாட்டும். அவரை யாரும் ரெண்டு டிக்கெட் வாங்கச் சொல்ல மாட்டாங்க. காலை விரிச்சு உட்கார்றவரை, முழங்கையால ரெண்டு கைப்பிடியையும் பிடிச்சுக்கிறவரை, யாரும் ஃப்ளைட்டை விட்டு இறக்கின கதையை நான் படிக்கவே இல்லை. ஆக விதி சொல்றது "பக்கத்து இடத்தை ஆக்கிரமிக்காதே" என்று. நடைமுறையில் அது பிடிக்கிறது குண்டா இருக்கிறவங்களை மட்டும். அதுவும் யார் முடிவு பண்றது? அன்னைக்கு கேட்ல நிக்கிற ஒருத்தர், கண் அளவுல. போகும்போது சரின்னு விட்ட அதே உடம்பை, வரும்போது வேற ஒருத்தர் நிறுத்தலாம்.

இப்போ மெக்கானிக்கல் நண்பர்கள் கையைத் தூக்குவீங்க. "எடை அதிகம்னா எரிபொருள் அதிகம், அப்போ காசும் அதிகம். இதுல என்ன அநியாயம்?" நல்ல கேள்வி. ஹாஸ்டல்ல இதை வெச்சு ரெண்டு ராத்திரி சண்டை நடந்திருக்கு.

ஏ320 விமானம் தரையை விட்டுக் கிளம்பும்போது அதிகபட்ச எடை சுமார் 78 டன். எனக்கும் சராசரி ஆளுக்கும் 40 கிலோ வித்தியாசம்னு வைங்க. சதவீதம் போட்டுப் பாருங்க: 0.05. அதுக்கு ஒரு முழு டிக்கெட் விலையா? சரி, கொள்கைன்னே வைங்க, எடைக்குத்தான் காசு. அப்போ 52 கிலோ இருக்கிற என் ரூம்மேட்டுக்குப் பாதி டிக்கெட் கொடுக்கணுமே, ஏன் கொடுக்கல? ரெண்டு வயசு தாண்டின குழந்தைக்கும் தனி சீட் வாங்கணுமே, ஏன்? விமான நிறுவனம் என்னைக்கும் எடையை விற்றதில்லை. அது விற்பது இடம். என்னை மாதிரி ஆள் வரும்போது மட்டும் திடீர்னு இயற்பியல் ஞாபகம் வருது.

எடையை நேர்மையா விற்ற நிறுவனமும் ஒண்ணு இருந்தது. சமோவா ஏர். 2013-ல் பயணியின் எடையையும் பெட்டியின் எடையையும் சேர்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்க ஆரம்பித்தார்கள். உலகமே சிரிச்சது. எனக்கென்னமோ அதில் ஒரு நியாயம் தெரியுது. அவங்க ஓட்டினது பத்துப் பேர் கூட உட்கார முடியாத குட்டி விமானங்கள். அங்கே ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஒல்லியா இருந்தா குறைவு, குண்டா இருந்தா அதிகம், விதி ரெண்டு பக்கமும் வெட்டும். சின்ன விமானத்துல எடை விளையாட்டு இல்லை என்பதற்கு ஒரு சோகமான சாட்சியும் உண்டு. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் 5481 என்ற 19 பயணிகள் விமானம் கிளம்பிய உடனே விழுந்து, உள்ளே இருந்த 21 பேரும் இறந்தார்கள். எலிவேட்டர் கேபிளைத் தவறாகச் சரிசெய்திருந்தது ஒரு காரணம். இன்னொன்று, பயணிகளின் சராசரி எடைன்னு ஏட்டில் இருந்த பழைய எண். உண்மையான மனுஷங்க அந்த எண்ணை விடக் கனமா மாறிட்டாங்க. விமானத்தின் ஈர்ப்பு மையம் அனுமதித்த எல்லைக்குப் பின்னால் போயிடுச்சு. அதுக்கப்புறம் சராசரி எடையைத் திருத்தினார்கள்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, பாதுகாப்புன்னு வந்தப்போ அவங்க என்ன செஞ்சாங்கன்னு கவனிங்க. மனுஷங்க மாறிட்டாங்க, அதனால கணக்கை மாத்தினாங்க. அதுதான் இன்ஜினியரிங். ஏர் நியூசிலாந்து 2023-ல் இதே சராசரி கணக்குக்காக ஆக்லாந்தில் 10,000 பயணிகளை எடை மேடையில் ஏற்றியது. விருப்பமிருந்தால் மட்டும். எடை காட்டும் திரை ஏறினவருக்கும் தெரியாது, பக்கத்துல நிக்கிறவருக்கும் தெரியாது. நேரா கம்ப்யூட்டருக்குப் போயிடும். மரியாதையா செய்ய நினைச்சா செய்ய முடியும்னு இதை விட என்ன சாட்சி வேணும்?

சீட் விஷயத்துல நடந்தது இதுக்கு நேர் எதிர். மனுஷங்க அகலமானாங்க, சீட் குறுகிச்சு.

17 அங்குலம்னா எவ்வளவு? உங்க 30 செ.மீ. ஸ்கேலை வெச்சு, அதோட இன்னும் 13 செ.மீ. சேர்த்துப் பாருங்க. அவ்வளவுதான். போயிங் 737-ல் எகானமி சீட் ஏறக்குறைய அந்த அளவு. ஏ320-ன் உடல் கொஞ்சம் அகலம் என்பதால் 18 அங்குலம் வரை வைக்க முடிகிறது. பெரிய விமானங்களில் நடந்த கதை இன்னும் சுவாரசியம். போயிங் 777-ன் உள் அகலம் 231 அங்குலம் வாக்கில். ஆரம்பத்தில் பல நிறுவனங்கள் ஒரு வரிசைக்கு ஒன்பது சீட் வைத்தன. ஒரு சீட் பதினெட்டரை அங்குலம். அப்புறம் ஒருத்தர் கால்குலேட்டரைத் தட்டியிருக்கார். 17 அங்குலத்துல பத்து சீட் வெச்சா 170. இரண்டு அங்குலத்துல 13 கைப்பிடி, 26. ரெண்டு நடைபாதை, தலைக்கு 17 வெச்சா 34. மொத்தம் 230. உள்ளே போயிடுது! ஒரு வரிசைக்கு ஒரு டிக்கெட் லாபம், 11 சதவீதம் அதிகப் பயணிகள். விமானம் அதே, இன்ஜின் அதே. அந்தப் பத்தாவது சீட் எங்கேயிருந்து வந்தது? ஒன்பது பேர்கிட்ட இருந்து தலைக்கு ஒன்றரை அங்குலம் எடுத்துத்தான் வந்தது. 787-லும் இதே கதை: எட்டு சீட்டுக்கு வரைந்த விமானத்தில் பெரும்பாலானவர்கள் ஒன்பது வைத்தார்கள். ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் சர்வதேச விமானங்களில் எட்டே போதும் என்று இருந்தது. ஆக இது இயற்கை விதி இல்லை. யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு.

அமெரிக்காவில் பயணிகள் அமைப்பு ஒன்று இதை வழக்காகவே போட்டது. 2017-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி பட்ரீசியா மில்லெட், சுருங்கிக்கொண்டே போகும் சீட் வழக்கு என்கிற தொனியில் அதற்குக் கிண்டலாகப் பெயரே வைத்தார். தீர்ப்பில் பதிவான கணக்குப்படி, சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் 35 அங்குலமாக இருந்த சராசரி இடைவெளி 31 ஆனது, சில விமானங்களில் 28. அகலம் பதினெட்டரையிலிருந்து 17. விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. இதை மறுபடி பரிசீலிக்கணும்னு உத்தரவிட்டார். 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டது: ஒரு வருஷத்துக்குள் குறைந்தபட்ச சீட் அளவை நிர்ணயம் செய். அந்தக் கெடு ஓடிப் போச்சு. 2022-ல்தான் பொதுமக்களிடம் கருத்தே கேட்டார்கள். 26,000-க்கும் மேல் வந்து குவிந்தன. 2023-ல் அதே நீதிமன்றம், அளவை உடனே நிர்ணயிக்கச் சொல்லி எஃப்.ஏ.ஏ.-வைக் கட்டாயப்படுத்த மறுத்துவிட்டது.

நடுவில் ஒரு சோதனையும் நடத்தினார்கள். 2019 கடைசியிலும் 2020 ஆரம்பத்திலும், ஓக்லஹோமா நகரில் 775 பேரை வைத்து, சின்ன சீட்டிலிருந்து எவ்வளவு சீக்கிரம் வெளியேற முடிகிறது என்று பார்த்தார்கள். சீட் அளவால் பெரிய பாதிப்பில்லை என்று முடிவு. வந்தவர்கள் எல்லாம் 60 வயதுக்குட்பட்ட, உடல் நலமுள்ள ஆட்கள். லேப்ல அவுட்புட் வரணும்னு இன்புட்டை நாமளே தேர்ந்தெடுக்கிற வித்தை நமக்குத் தெரியாததா? விபத்தை 16 மடங்கு ஈர்ப்பு விசையில் தாங்குதான்னு சீட்டைச் சோதிக்கும்போது உட்கார வைக்கிற பொம்மையின் எடை 77 கிலோ. அதுக்காக நான் உட்கார்ந்தா சீட் உடைஞ்சிடும்னு அர்த்தமில்லை. ஆனா அந்த வரைபடத்துல "பயணி" என்று எழுதியிருக்கிற இடத்துல நான் இல்லை, 41 கிலோ வெளியே நிக்கிறேன்.

கனடாவுக்கு வருவோம். எனக்கு இந்தத் தேடல்ல கிடைச்ச நல்ல செய்தி அங்கேதான். 2008 ஜனவரியில் கனடா போக்குவரத்து முகமை ஒரு உத்தரவு போட்டது. ஒரு ஆளுக்கு ஒரு கட்டணம், அவ்வளவுதான். உதவியாளர் இல்லாமல் பயணிக்க முடியாத மாற்றுத்திறனாளியாக இருந்தாலும், உடல் பருமனால் ஒரு சீட்டில் அடங்க முடியாத அளவுக்குச் செயல்பாடு பாதிக்கப்பட்டவராக இருந்தாலும், அவருக்குத் தேவையான இரண்டாவது சீட்டுக்குக் காசு வாங்கக் கூடாது. ஏர் கனடாவும் வெஸ்ட்ஜெட்டும் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2008 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்தது. 2009 ஜனவரியில் உத்தரவு அமலுக்கு வந்தது.

செலவு எவ்வளவு ஆகும்னு முகமையே கணக்குப் போட்டிருந்தது. அதைப் படிச்சப்போ நான் ரெண்டு தடவை சரிபார்த்தேன். ஒரு டிக்கெட்டுக்கு ஏர் கனடாவுக்கு 77 சென்ட். வெஸ்ட்ஜெட்டுக்கு 44 சென்ட். டாலர் இல்லை, சென்ட். எல்லாருமா சேர்ந்து ஒரு டீ காசை விடக் குறைவாகக் கொடுத்தால் ஒருத்தர் அவமானப்படாமல் ஊர் போய்ச் சேரலாம் என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

அதுவும் முழுமையான விதி இல்லைதான். கனடாவுக்குள் பறக்கும் விமானங்களுக்கு மட்டும் பொருந்தும். மான்ட்ரியலில் இருந்து நியூயார்க் போனால் இல்லை. டாக்டர் சான்று வேணும். உடம்பு பெருசா இருந்தா மட்டும் போதாது, அது ஊனம் என்கிற அளவுக்கு இருக்கணும். என்னை அந்தப் பட்டியல்ல சேர்ப்பாங்களான்னே சந்தேகம். மருத்துவ அறையில் ஒருத்தர் டேப்பை வைத்து அளந்து தாள் கொடுப்பது கூட எனக்குச் சங்கடம்தான். ஆனால் கேட்ல, நூறு பேர் வரிசையில் நிக்கும்போது, கண்ணால அளக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்.

இந்த விஷயத்துல பக்கத்து சீட்காரரை மறந்துட்டுப் பேசறவங்களோடயும் எனக்கு ஒத்துப் போகலை. அந்த அங்கிள் ட்ராலியில இடி வாங்கினது நிஜம். "பெரிய உடம்புக்காரங்களை அப்படியே ஏத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லி விட்டா, அந்தச் செலவை அவர் தலையில கட்டறோம். அவர் ஏன் கட்டணும்? யுனைடெட்டுக்கு வந்த 700 புகாரும் பொய்யில்லை. எனக்கு உறுத்துறது, அந்தப் புகார்கள் எல்லாம் பக்கத்துல உட்கார்ந்தவரைப் பத்தி இருந்தது. ஒண்ணாவது பத்தாவது சீட்டை உள்ளே திணிச்சவரைப் பத்தி இருந்திருக்குமா? ஒன்றரை அங்குலத்தை எடுத்துக்கிட்டவர் ஆபீஸ்ல இருக்கார், மிச்சமிருக்கிற 17 அங்குலத்துக்கு நாங்க ரெண்டு பேரும் மேலே 35,000 அடியில முழங்கையால சண்டை போட்டுக்கிறோம்.

நான் கேட்கிறது பெருசா ஒண்ணுமில்லை. சட்டை வாங்கினாலே சைஸ் போட்டிருக்கு. டிக்கெட் புக் பண்ற திரையில சீட் அகலம் எத்தனை அங்குலம்னு போட்டா என்ன? கால் நீட்ட இடம் வேணுமான்னு கேட்டுக் காசு வாங்கத் தெரியுது, அகலம் மட்டும் ரகசியம். எக்ஸ்டென்ஷன் பெல்ட் வேணும்னு புக் பண்ணும்போதே ஒரு டிக் போட வழி இருந்தா, நான் உள்ளே வரும்போது அது சீட்ல தயாரா கிடக்கும், 22பி-ன்னு யாரும் கத்த வேண்டாம். விமானத்துல காலி சீட் இருந்தா, அதை எனக்குப் பக்கத்துல நகர்த்தி வைக்கிறதுக்கு நிறுவனத்துக்கு ஒரு பைசா செலவில்லை. காலியா இல்லாத நாளுக்குத்தான் கனடா வழி வேணும். குறைந்தபட்ச அகலம்னு ஒண்ணை அரசாங்கம் நிர்ணயிக்கணும் என்பது இதுக்கெல்லாம் மேல. அதை நிறுவனங்கள் தானா செய்யாது, ஏன்னா முதல்ல அகலமாக்கிறவன் டிக்கெட் விலை நூறு ரூபா கூடும், நாம எல்லாரும் விலையைப் பார்த்து அடுத்த ஆப்புக்குப் போயிடுவோம். நானும் போவேன், பொய் சொல்லல.

"காசு செலவில்லை"ன்னு சும்மா சொல்லல. டெல்லியிலிருந்து திரும்பும்போது நடந்தது. வேற ஃப்ளைட். கவுன்டர்ல இருந்த அக்கா ஐடியை வாங்கினாங்க, என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாங்க, கீபோர்டுல ஏதோ தட்டினாங்க. நான் எதுவும் கேட்கவே இல்லை. "ஐல் சீட் போட்டிருக்கேன் சார், உங்க பக்கத்துல காலியாதான் இருக்கும்" என்று இந்தியில் சொல்லி, போர்டிங் பாஸைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாங்க. மொத்தம் அரை நிமிஷம் கூட ஆகியிருக்காது. பின்னாடி வரிசையில நின்ன எங்க டீம் பசங்களுக்கே விஷயம் தெரியாது.

சென்னையில் வீல் தரையைத் தொட்ட பிறகுதான் எனக்கு முழிப்பு வந்தது.